மஃரிபு வரைக்கும் வெள்ளிக்கிழமை

இரங்கல் கூட்டத்தில் பதினொரு பேர் பேசினார்கள். ஒருவர்கூட ஸ்பூனைப் பற்றிப் பேசவில்லை.

"சைக்கிளில் கொய்யாப்பழம் விற்றவர், செண்பகனூரில் ஜாம் கம்பெனி வைத்துக் காட்டினார்" என்றார் ஒருவர். என் அத்தாவுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. மலைப்பாதையில் சைக்கிளில் பழம் விற்க அவருக்கென்ன பைத்தியமா? விடியற்காலையில் மலையடிவாரத்து ஆயக்குடிச் சந்தையில் பழம் எடுத்து, கூடையோடு முதல் பஸ்ஸில் ஏறி, லக்கேஜ் டிக்கெட்டுக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே கொடைக்கானல் வந்து, ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி தூவி விற்றவர் அவர். வர்த்தகர்கள் வைத்த பிளெக்ஸ் பேனரில் அவர் முடியைக் கறுப்பாக்கி, பின்னால் ஒரு சிங்கத்தை வேறு நிறுத்தியிருந்தார்கள். அத்தாவுக்கு நாயைக் கண்டாலே நடுக்கம். அந்தச் சிங்கத்தைப் பார்த்திருந்தால் மேடையை விட்டே ஓடியிருப்பார்.

நான் உம்மு ஹபீபா. சேக் பரீதின் மூத்த பிள்ளை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அத்தாவுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். என்னுடையது அம்மா வழி.

ஸ்பூன் விஷயம் இதுதான். ஏரிக்கரையில் சாயங்காலம் வரை விற்காமல் கனிந்துபோகும் பழத்தை அம்மா ஒருநாள் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் கம்பெனி. அத்தா அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. 'ஆமினா கொய்யா ஜாம்' என்று அம்மாவின் பெயரை வைத்தார். "என் பேர எதுக்குங்க கண்டவன் வீட்டு பிரிட்ஜுல ஒட்டுறீங்க?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். அதற்கு அத்தா ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு புதுக் காய்ச்சலிலும் முதல் பாட்டில் வீட்டுக்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு வீட்டில் இருக்கும் எல்லோரும் ருசி பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவரவர் ஸ்பூனைத் தட்டில் வைக்க வேண்டும். பிடித்திருந்தால் நிமிர்த்தி, பிடிக்கவில்லை என்றால் கவிழ்த்து. ஒரு ஸ்பூன் கவிழ்ந்திருந்தாலும் அந்தக் காய்ச்சலில் ஒரு பாட்டிலுக்குக்கூட லேபிள் கிடையாது.

நாலு பேர் வீட்டில் நாலு ஓட்டு. எனக்கு ஐந்து வயதிலேயே ஓட்டுரிமை வந்துவிட்டது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜாம் விற்கிற கடைக்கு யார் வந்து நின்றாலும் அத்தா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். "சாப்பாட்டுக்கு வராதவன் எதுக்குச் சம்பாதிக்கணும்?" என்பார். சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் வருடம் முழுவதும் ஆர்டர் தருவதாகச் சொன்னார். மாதத்தில் பத்து நாள் அங்கே வந்து தங்க வேண்டும் என்றதும், "அங்க மத்தியானச் சோத்துக்கு எம்புள்ளைக யாரும் இல்லீங்களே" என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்குப் பஜாரே சிரித்தது. பேனரில் சிங்கத்தை நிறுத்தியவர்கள்தான் அதிகமாகச் சிரித்தவர்கள்.

அத்தா செப்டம்பரில் இறந்தார். கடை ஷட்டரைப் பாதி இறக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணி பன்னிரண்டு. வீட்டில் அவருக்குத் தட்டு வைத்திருந்தது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் தம்பி அஸ்பாக் பேச்சை எடுத்தான். சென்னையில் கட்டட இன்ஜினீயர். வீட்டில் நிதானமாகப் பேசுகிறவன் அவன்தான், அதனால்தான் அவனோடு பேசினாலே எனக்கு ரத்தம் ஏறும்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்க்கா. குமாரவேல் அண்ணன் பின்னாடி இருக்குற கட்டடத்தப் பத்து வருச லீசுக்குக் கேக்குறாரு. காட்டேஜ் ஆக்கப் போறாராம். சும்மா பூட்டி வச்சு என்ன பண்ணப் போறோம்?"

"பூட்டப் போறோம்னு யாரு சொன்னா? நான் நடத்துவேன்."

"உனக்கு ஓசூர்ல வேலை இருக்கு."

"நேத்தே விட்டாச்சு."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். ஜாம் காய்ச்சுகிற அந்தக் கட்டடத்தில் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சண்முகவள்ளியக்கா இருபது வருடமாக ஜாம் கிண்டுகிறவர். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் அம்மா. "டிசம்பர்ல பழம் நல்லா வரும். மூணு வெள்ளிக்கிழமை தாரேன். மூணுக்குள்ள ஒரு காய்ச்சல் ஸ்பூன் கவுராம வந்துச்சுன்னா கம்பெனி ஓடட்டும். வரலைன்னா சனிக்கிழமை காலைல குமாரவேலுகிட்ட சாவியக் குடுத்துட்டு நான் சென்னைக்கு வந்துர்றேன். என் பேர ஒட்டி வாய்க்கு வெளங்காதத விக்க விடமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று எதற்கு, ஒன்று போதும். உணவுத் தொழில்நுட்பம் நாலு வருடம் படித்தவள். ஓசூர் பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் ஆறு வருடம் இருந்தவள். கையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறது. ஒரு கொய்யா ஜாமா என்னிடம் வாலாட்டும்?

முதல் காய்ச்சலில் சண்முகவள்ளியக்கா கிண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "இறக்கிரலாமா பாப்பா?"

"இன்னும் தொண்ணூத்தெட்டுதான் காட்டுது. நூத்தஞ்சு வரணும்க்கா."

"பாய் இந்நேரம் தட்டுல ஒரு சொட்டு விட்டுச் சாய்ச்சுப் பாப்பாரு. இறக்குன்னு அவரு சொன்னாத்தான் நாங்க இறக்குவோம்."

"தட்டச் சாய்ச்சுப் பாக்குறதுக்கா நான் நாலு வருசம் படிச்சேன்? கிண்டுங்கக்கா."

அவர் கிண்டினார். கை வலிக்க வலிக்கக் கிண்டினார். நூற்றைந்து வருவதற்குள் பானையில் குமிழி நின்று, சேறு கொதிப்பதுபோல் தொப் தொப்பென்று வெடித்துக் கையில் தெறித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா பாட்டிலைத் திறந்தார். ஸ்பூன் உள்ளே போக மறுத்தது. நான் ஒரு கத்தியைக் கொண்டுவந்தேன். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். கண்ணை மூடித் திறந்தபோது இரண்டு ஸ்பூனும் கவிழ்ந்திருந்தன. ஒன்று என்னுடையது. பொய் ஸ்பூன் வைக்கக் கூடாது, வீட்டில் அதுதான் சட்டம்.

"ஆரம்பத்துல உங்க அத்தாவும் இப்படித்தான் ஆறு பானையப் பாறையாக்குனாரு" என்றார் அம்மா. "ஆயக்குடியில காய்ச்சுனா நல்லா வரும், இங்க வந்தா இறுகிரும். அப்புறம் எப்படிச் சரி பண்ணாருன்னு எனக்குத் தெரியாது. அப்ப நான் ஒன்னப் பெத்துப் போட்டுக் கெடந்தேன்."

அதைக் காதில் வாங்கியிருக்கலாம். நான் பழத்தின் மேல் பழி போட்டேன். மறுவாரம் நானே இருட்டோடு ஆயக்குடிக்கு இறங்கி, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்து, வியாபாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, நன்றாகக் கனிந்த பழமாக எடுத்து வந்தேன். அதுவும் இறுகியது. சர்க்கரையின் மேல் பழி போட்டேன். பிறகு சண்முகவள்ளியக்காவின் கை மேல் பழி போட்டேன். "இருபது வருசம் கிண்டுன கை பாப்பா இது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் இரண்டு ஸ்பூன் கவிழ்ந்தன. அன்றைக்கு நான் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். அத்தாவுக்காக அதுவரை நான் அப்படி அழவில்லை. தோற்றதற்காகவா அவருக்காகவா என்று எனக்கே தெரியாத அழுகை அது.

மூன்றாவது காய்ச்சலுக்கு வடிகட்டி வைத்த கூழை அடுப்பில் ஏற்றவே பயந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் அஸ்பாக் மலையேற இ-பாஸ் எடுத்துக் காரில் வந்து சேர்ந்தான். அம்மாவின் சாமான் எடுத்துப் போக டிக்கி காலியாக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவனோடு எதற்காவது சண்டை போட வேண்டும்போல் இருந்தது. மறுநாள் காலையில் அவனே காரணம் கொடுத்தான்.

"இந்த ஊர்ல என்னைக்காவது டீ சூடா கெடச்சிருக்கா?" என்றான், ஒரு வாய் குடித்துவிட்டு.

"கொதிக்கக் கொதிக்க இறக்கி இப்பத்தானடா குடுத்தேன்?"

"கொதிச்சதுன்னா இப்படியா இருக்கும்? சென்னையில வாய் வெந்துரும்."

"தண்ணி எங்க கொதிச்சாலும் கொதிக்கிறது கொதிக்கிறதுதான். இன்ஜினீயருக்கு இது தெரியாதா?"

"உனக்குத் தெரியாததா? நீதான வீட்டுல விஞ்ஞானி."

எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன். நூறு என்று காட்டி இவன் முகத்தில் கரியைப் பூசாமல் விடுவதில்லை என்று நின்றேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்று என்றது. இன்னும் தீயைக் கூட்டினேன். தொண்ணூற்று மூன்று. பேட்டரியை மாற்றினேன். தொண்ணூற்று மூன்றிலேயே நின்றது.

"என்னக்கா, பேச்சக் காணோம்?" என்றான் அஸ்பாக்.

பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பரீட்சையில் அதை எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஓசூரில் பிஸ்கட் சுட அந்த வரி தேவைப்படவில்லை. ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிற வீட்டில் பிறந்து, ஆறாயிரம் அடியில் வளர்ந்து, சமவெளிக்கு எழுதிவைத்த நூற்றைந்தை மலைமேல் கொண்டுவந்து இரண்டு பானையைத் தீய்த்திருக்கிறேன். தண்ணீர் கொதிக்கிற இடத்திலிருந்து ஐந்து டிகிரி மேலே போனால் ஜாம் பதம். இங்கே தொண்ணூற்று மூன்று என்றால், தொண்ணூற்றெட்டு. சண்முகவள்ளியக்கா "இறக்கிரலாமா" என்று கேட்ட அதே தொண்ணூற்றெட்டு.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, தப்பு என்னோடது. உங்க கையச் சொன்னதுக்கு என்னைய நாலு வையி வையுங்க."

"வையிறதெல்லாம் பெறகு வையிறேன்" என்றார், முந்தானையைச் செருகிக்கொண்டே. "மணி எட்டாச்சு. வெரசா வா, அடுப்பப் பத்த வைப்போம்."

அன்றைக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியதும் தட்டில் ஒரு சொட்டு விட்டு இருவரும் சாய்த்துப் பார்த்தோம். சொட்டு ஓடவில்லை. மெல்லச் சுருங்கி நின்றது. தெர்மாமீட்டரும் தட்டும் ஒன்றாகச் சொன்ன அந்த நிமிடத்தில் நான் சண்முகவள்ளியக்காவைக் கட்டிக்கொண்டேன். இருவர் மேலும் ஜாம்.

அஸ்பாக் ஜும்மாவுக்குப் போய் வந்தான். சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு அம்மா பாட்டிலைத் திறந்தார். ஸ்பூன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நிறம் சரி, மணம் சரி. நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது. இதுதான். கண்ணை மூடினோம். என் ஸ்பூனை நிமிர்த்தி வைத்தேன். அஸ்பாக்கின் ஸ்பூன் மட்டும்தான் என் பயம். அவனுக்குக் காரில் இடம் காலியாக இருக்கிறது. கவிழ்த்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

கண்ணைத் திறந்தேன். அஸ்பாக்கின் ஸ்பூன் நிமிர்ந்திருந்தது. அம்மாவுடையது கவிழ்ந்திருந்தது.

"அம்மா!" என்று கத்தினேன்.

"பதம் உங்க அத்தா பதம்தான்" என்றார் அம்மா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை. "புளிப்புப் பத்தல. ரெண்டு எலுமிச்சம்பழம் கம்மி. என்னைய என்ன செய்யச் சொல்ற? நல்லாருக்குன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"பிழிஞ்சு கலக்கிட்டாப் போச்சு!"

"இறக்குனதுல பிழிஞ்சா நீர் விட்டுக்கும். நீதான படிச்சவ?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தம்பி பக்கம் திரும்பினேன். "ஏலே, சந்தோசமா? போ, குமாரவேலுக்கு போனப் போடு. சாமானத் தூக்கி டிக்கியில வையி."

அஸ்பாக் எழுந்திருக்கவில்லை. தன் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவிடம், "ஒரு விசயம் சொல்லணும்மா" என்றான். "நான் நாலாவது படிக்கும்போது ஒரு பெரிய காய்ச்சல், நூத்தி நாப்பது பாட்டில். ஒரு ஸ்பூன் கவுந்துச்சுல்ல? அது நான்தான். ஜாம் நல்லாத்தான் இருந்துச்சு. கிரிக்கெட் பேட்டு வாங்கித் தரலைங்கிற கோவத்துல கவுத்தேன்."

எனக்கு நினைவிருந்தது. அந்த நூற்று நாற்பது பாட்டிலையும் அத்தா லேபிள் ஒட்டாமல் ஒரு பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்துவிட்டார். யார் கவிழ்த்தது, ஏன் கவிழ்த்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருடம் பெருநாளைக்கு எங்கள் யாருக்கும் புதுத்துணி கிடையாது.

"தெரியும்" என்றார் அம்மா.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அத்தாவுக்கும் தெரியும். கவுத்தவன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நான்தான் சொன்னேன், சின்னப்பய கிறுக்குக்கு நூத்தி நாப்பது பாட்டிலா, ஒட்டி அனுப்புங்கன்னு. அவரு கேக்கல. 'அவன் ஸ்பூன ஒரு தடவ தள்ளி வச்சேன்னா, நாளைக்கு அவன் தட்டையே தள்ளி வச்சுட்டுப் போயிருவான் ஆமினா. ஜாமு போனா போகுது, அவன் சோத்துக்கு வரணும்'னாரு."

அஸ்பாக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அத்தாவின் ஜனாஸா அடக்கத்தில்கூட ஓரமாக நின்று எல்லா ஏற்பாட்டையும் நிதானமாகப் பார்த்தவன், இப்போது தோள் குலுங்க அழுதான். மேடையில் பதினொரு பேர் பேசியும் சொல்லாத என் அத்தாவை அம்மா நாலு வரியில் கொண்டுவந்து எங்கள் நடுவில் உட்கார வைத்துவிட்டார்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். "அம்மா, வெள்ளிக்கிழமை எப்ப முடியும்?"

"என்னது?"

"நமக்கு நாள் முடியிறது மஃரிபுலதான? பொழுது விழுந்து பாங்கு சொல்றவரைக்கும் வெள்ளிக்கிழமைதான? மணி ரெண்டரைதான் ஆகுது. அக்கா, பழம் மிச்சம் இருக்கா?"

"வடிகட்டுன கூழு அரைப் பானை இருக்கு."

"எலுமிச்ச?"

"கடைக்கு ஓடணும்."

"நான் ஓடுறேன்" என்று சட்டைக் கையை மடக்கிவிட்டான். கார் சாவியை எடுக்கவில்லை. சரிவில் இறங்கி ஓடினான். சென்னையில் லிப்ட் இல்லாமல் மாடி ஏறாதவன், எலுமிச்சம்பழத்தோடு மூச்சிரைக்க ஏறி வந்தான்.

அம்மா தடுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "எனக்கு அசரு தொழுகணும், துணி மடிக்கிற சோலி கெடக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

சண்முகவள்ளியக்காவும் நானும் அஸ்பாக்கும் மாறி மாறிக் கிண்டினோம். அவனுக்குத் துடுப்பைப் பிடிக்கத் தெரியவில்லை. "கட்டடம் கட்டுற கையப் பாரு" என்று அக்கா கேலி செய்தார். இரண்டு எலுமிச்சை கூடுதலாகப் பிழிந்தேன். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. கையில் தெறித்தது, யாரும் கையை எடுக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் இறக்கி, பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் ஆறியதும் பின்கட்டுச் சுவரின் மேல் வைத்தோம். கொடைக்கானல் குளிர் இலவசம். நாங்கள் மூவரும் சுவரோரம் நின்று பாட்டிலையும் மேற்கே இறங்குகிற வெயிலையும் மாறி மாறிப் பார்த்தோம்.

ஐந்து ஐம்பதுக்கு நாலு பேரும் உட்கார்ந்தோம். ஆமாம், சண்முகவள்ளியக்காவும்தான். "பாய் இருக்கும்போது எனக்கு ஓட்டு இல்லையே" என்று அவர் தயங்கினார். "பாயோட எடம் காலியாத்தான கெடக்கு, உக்காருங்க" என்று அம்மாதான் ஸ்பூனைக் கையில் கொடுத்தார்.

ருசித்தோம். கண்ணை மூடினோம். ஸ்பூன்கள் தட்டில் பட்ட சத்தம் மூன்று முறை கேட்டது. நாலாவது சத்தம் வரவில்லை. அம்மாவினுடையது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தேன். எத்தனை வருடமானாலும் சரி, இந்த வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் சரி, எங்கேயாவது ஒரு வாடகை அடுப்பில் நான் இந்த ஜாமைக் காய்ச்சத்தான் போகிறேன் என்று அந்த இருட்டில் முடிவு செய்துகொண்டேன். நாலாவது சத்தம் கேட்டது.

திறந்தோம். நாலும் நிமிர்ந்திருந்தன.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து நம்பரைப் போட்டார். "குமாரவேலு தம்பிங்களா? நாளைக்கு வர வேணாங்க தம்பி. ஆமாங்க, கம்பெனி ஓடுது." போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று அஸ்பாக்கிடம் திரும்பினார்.

"தொழுதுட்டு வந்து லேபிள் ஒட்டு. நூத்தி நாப்பது ஒட்டுனப்புறம் சென்னைக்குப் போகலாம்."